ஒரு சொட்டுச் சீழ்

சின்னவனின் தொப்புள்கொடி இன்னும் விழவில்லை.

வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் ஈரத்துணி மாற்றும்போதெல்லாம் மூன்று தலைகள் கட்டிலின் மேல் கவிழ்ந்தன. பெற்றவள் தலை, அவள் கணவன் தலை, நாத்தனார் தலை. குழந்தையின் வயிற்றின் நடுவில் காய்ந்து கறுத்த அந்தத் துண்டு, உதிர மறந்த பழக்காம்பு மாதிரி, போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

"வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு," என்றாள் நாத்தனார். "காலி பண்ற எண்ணமே இல்ல."

கணவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நிறுத்திக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்துக் கொடியின் அடியில் வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரே வட்டமாகத் துடைத்தாள். அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு இன்னொன்று. ஒரு பஞ்சுக்கு ஒரு துடைப்புத்தான். துடைத்த இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. குளிர்ச்சி பட்டதும் குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிணுங்கினான்.

அது அவள் தொழிலில் வந்த கை. பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்துச் சின்ன அறையில் அவளுக்கு வேலை. ஊராரின் வாய்க்குள் போய் வந்த கண்ணாடிகளும் குறடுகளும் கொக்கி ஊசிகளும் ரத்தமும் எச்சிலுமாக ஒரு பொந்து வழியாக அவளிடம் வரும். தேய்த்துக் கழுவி, காகித உறையில் இட்டு ஒட்டி, அங்கே எல்லோரும் 'குக்கர்' என்று கூப்பிடும் நீராவிப் பெட்டியில் அடுக்குவாள். வெந்து வந்ததும் உறை மேல் அச்சடித்திருக்கும் கோட்டைப் பார்ப்பாள். கோடு கறுத்திருந்தால் ஒரு கிருமி மிச்சமில்லை என்று அர்த்தம். கறுக்காவிட்டால் மொத்த அடுக்கும் திரும்ப உள்ளே போகும். அவள் கையால் போன சாமானால் எவர் வாயும் இதுவரை வீங்கியதில்லை. பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தபோதும் அந்தக் கோடு அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

பெரியவன் விஷயத்தில் அது எங்கே கறுக்காமல் போனது என்று அவள் இன்னமும் தேடிக்கொண்டிருந்தாள்.

பெரியவன் என்று சொல்கிற அளவுக்கு அவன் ஒன்றும் வளரவில்லை. குப்புற விழக் கற்றுக்கொண்ட கையோடு போய்விட்டான். தம்பி ஒருவன் பிறந்த பிறகுதான் அவன் பெரியவன் ஆனான். அவனுக்கும் கொடி இப்படித்தான் விழாமல் நின்றது. பிறகு தொப்புளைச் சுற்றிச் சிவந்தது. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணுக்கள் இருக்கவேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தன. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். இன்று நினைத்தாலும் உடம்பு கூசும். வெள்ளணு என்றால் உடம்பைக் காக்கிற பட்டாளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். பட்டாளம் இவ்வளவு பெரிதாக இருந்தால் பிள்ளை ஜெயித்துவிடுவான் என்றுதானே தோன்றும்?

பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பட்டாளம் இருக்கிறது, ரத்தக்குழாயை விட்டு இறங்கத்தான் தெரியவில்லை. புண் இருக்கும் இடம் வந்ததும் வெள்ளணு குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கவேண்டும், அப்புறம் இடுக்கு வழியாக வெளியே நுழைந்து போகவேண்டும். பற்றிக்கொள்ள அதற்கு ஒரு பிடி வேண்டும். அவன் வெள்ளணுக்கள் அந்தப் பிடி இல்லாமலே பிறந்திருந்தன. அதனால்தான் புண் சிவந்ததே தவிர ஒரு சொட்டுச் சீழ்கூட வைக்கவில்லை. இறங்கிச் சண்டை போட்டுச் செத்துக் கிடக்கிற வெள்ளணுக்கள்தான் சீழ். இறங்கவே இல்லை என்றால் சீழ் ஏது?

அப்பாவிடம் பாதிக் குறை, அம்மாவிடம் பாதிக் குறை, இரண்டும் சேர்ந்தால்தான் இப்படி ஆகும் என்றார்கள். இன்னொரு குழந்தை பிறந்தால் நாலில் ஒரு பங்கு பயம் உண்டு என்றார்கள். வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிட வழியிருக்கிறது என்றும் சொன்னார்கள். பார்த்துத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு அவளிடமும் பதில் இல்லை, கணவனிடமும் இல்லை. பார்க்கவில்லை.

சின்னவன் பிறந்ததுமே குழந்தை டாக்டர் ரத்தம் எடுத்து வெளியூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். வழியிலேயே அது உறைந்துபோயிற்று. மறுபடி எடுக்கவேண்டும், வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை தூங்குகிறான் என்றாள். மழை என்றாள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். தாள் வராத வரைக்கும் அவன் நன்றாக இருக்கிறான். அதற்குள் கொடி தானாக விழுந்துவிட்டால் தாளே வேண்டியதில்லை. அதுவரை ஒரு கிருமி அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொல்லத்தான் சொன்னாள், தொப்புளுக்கு ஒன்றும் போடாதீர்கள், சும்மா காயவிடுங்கள் என்று. அது மற்ற அம்மாக்களுக்குச் சொல்கிற பேச்சு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்," என்றாள் நாத்தனார், கையை உதறிக்கொண்டே. அந்த வீட்டுச் சட்டப்படி முழங்கை வரை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியதில் அவள் கை வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அண்ணி, நாளைக்கு வந்து..."

"நாளைக்கு என்ன? மழையா? இல்ல, துரை தூங்குவாரா? தூங்கட்டும். ஊசி குத்தினா முழிச்சுக்கப் போறார், அவ்வளவுதானே. காலையில வர்ற பசங்களுக்கு கிளாஸ் இல்லன்னு சொல்லிட்டேன். அதுங்களுக்கு ஒரே சந்தோஷம். ரோட்டுல போறவங்களுக்கு அதைவிட சந்தோஷம்."

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பக்கத்து சீட்டுல உக்காந்தாத்தான் எனக்குப் பேசவே வரும், எவன் பொறுப்பான்?" என்பாள்.

மறுநாள் கிளம்பினார்கள். கணவன் ஓட்டினான். நாத்தனார் பழக்க தோஷத்தில் முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய பயிற்சிக் கார் என்பதால் அந்த இடத்துக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. முதல் திருப்பத்திலேயே வண்டி தயங்கித் தயங்கிக் குலுங்கியது.

"அக்கா, நான் ஓட்டறேன்ல?"

"நீ ஓட்டு. யார் வேண்டாம்னா?"

"அப்போ காலை எடு."

"கால் தானா போகுதுடா. நான் என்ன பண்ணட்டும்?"

பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. மடியில் கிடந்தவனின் உச்சந்தலை மெல்லத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரியவனுக்கும் இந்த இடம் இப்படித்தான் துடித்தது. துடிப்பதைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

குழந்தை டாக்டர் உயரமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதை மேஜையில் தேடுகிறவர். துணியை விலக்கியதும் குனிந்தார், குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாசனை இது? ஸ்பிரிட்டா?"

"ஆமா டாக்டர்." தேர்வில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி அவள் நிமிர்ந்தாள். எப்படித் துடைப்பது, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், ஏன் ஒரு பஞ்சை இரண்டாம் தரம் தொடுவதில்லை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை தடவை?"

"துணி மாத்தறப்பல்லாம். குளிப்பாட்டின உடனே. அப்புறம் பால் குடுக்கறதுக்கு முன்னாடி."

"பால் வாயாலதானே குடிக்கறான்?" என்றாள் நாத்தனார்.

டாக்டர் மறுபடி குனிந்தார். விரலால் கொடியை லேசாக அசைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"கொடி எப்படி விழுதுன்னு நினைக்கறீங்க?"

"காஞ்சு விழும்."

"காயறது பாதி வேலைதான். காஞ்சது உடம்போட சேர்ற இடத்துல வெள்ளணு வந்து அரிச்சு அறுத்து விடணும். இவனுக்கு இப்ப என்ன தெரியும் சொல்லுங்க? எந்தக் கிருமிக்கு என்ன பேர்னு ஒரு பாடமும் படிக்கல. அதெல்லாம் போகப் போகப் படிப்பான், தடுப்பூசி போட்டு நாமளும் சொல்லிக் குடுப்போம். வயித்துல இருந்தப்ப நீங்க குடுத்தனுப்பின எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் உள்ள இருக்கு. ஆனா இந்தப் பட்டாளம் அவனோட கூடப் பிறந்தது. அது பேர் ஊர் விசாரிக்காது. வெளியாள்னு தெரிஞ்சாப் போதும், மேல விழுந்து கடிக்கும். ஆனா யாராவது கூப்பிடணும்ல? கொஞ்சம் அழுக்கு, நாலு கிருமி. அதுதான் கூப்பிடும். நீங்க அந்த நாலையும் வாசல்லயே கொன்னுட்டீங்க. கலாட்டாவே இல்லாத தெருவுக்கு போலீஸ் எதுக்கு வரும்?"

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"புரிஞ்சு போச்சு," என்றாள் நாத்தனார். "வண்டி ஓடலியே, ஓடலியேன்னு நாம எல்லாரும் பயந்துக்கிட்டு இருக்கோம். இவ பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கா!"

"நீ பேசாதே," என்றான் கணவன்.

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். ஸ்பிரிட் காரணமா இருக்கலாம். அண்ணனோட குறை இவனுக்கும் இருந்து, அது காரணமா இருக்கலாம். பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். இனிமே தள்ளிப்போடாதீங்க."

ரத்தம் எடுத்தார்கள். குழந்தை வீறிட்டு அலறினான். ஒரு குப்பி வெளியூருக்கு, இன்னொன்று அங்கேயே எண்ணிக்கைக்கு. கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கைத் தாள் வந்தது. வெள்ளணு என்ற வரியில் மேல்நோக்கி ஒரு அம்பு போட்டிருந்தது. அந்த அம்பு அவளுக்குப் பழக்கமானது. பெரியவனின் தாள்களிலெல்லாம் அதே இடத்தில் இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்பைப் பாக்காதீங்க," டாக்டர் தாளை வாங்கி அந்த இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். "மெஷினுக்கு ஆள் யார்னு தெரியாது. இது எனக்கும் உங்களுக்கும் போட்ட அளவு. இந்த வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு இருக்கறது சாதாரணம். பெரியவனுக்கு இருந்தது இதைப்போல நாலு மடங்கு."

நம்பவேண்டும் என்று இருந்தது. ஆனால் ஒரு முறை எண்ணிக்கையைப் பார்த்து சந்தோஷப்பட்டு ஏமாந்தவள் அவள். எத்தனை இருக்கிறது என்பது அவளுக்கு வேண்டாம். பிடி இருக்கிறதா, அது தெரியவேண்டும்.

"போன தடவை கூரியர்ல போய்த்தானே கெட்டுப்போச்சு?" என்று கணவன் கேட்டான். அறைக்குள் வந்ததிலிருந்து அவன் டாக்டரிடம் பேசியது அதுதான். "நானே கொண்டு போறேன். இப்பவே பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்ல?"

அவன் லிப்ட் மெக்கானிக். கயிறு தேய்ந்த லிப்டைக்கூட உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் இறக்கி நிறுத்துகிறவன். குப்பியை வைத்த பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட விதத்தை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பெரியவனை மருத்துவமனையிலிருந்து அவன் அப்படித்தான் தூக்கி வந்தான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உன் பாதியா, என் பாதியா என்று கேட்கவில்லை. இருந்தாலும் கேள்வி சாப்பாட்டு மேஜை வரை வந்து உட்காரும்.

வாசலில் அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "குலுங்காம கொண்டு போயிடுவேன்," என்றான். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முதல் காரியமாக ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "என் வண்டிக் கண்ணாடி துடைக்க ஆச்சு," என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு இதுவரை தெரியாது. துணி மாற்றும்போதெல்லாம் கை தானாகப் பஞ்சுக் கிண்ணத்தைத் தேடியது. கிண்ணம் இருந்த இடத்தில் யாரோ ஒரு கிலுகிலுப்பையை வைத்திருந்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தொப்புளைப் பார்த்தாள். அங்கே இப்போது கிருமிகள் வந்துகொண்டிருக்கும். வரட்டும் என்று அவள் விடவேண்டும். பெற்றவள் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்து, திருடனுக்குக் காத்திருக்கவேண்டும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. பெரியவனுக்கும் அவள் இப்படித் துடைத்துக்கொண்டேதான் இருந்தாள். எந்த நாளில் கை தவறினோம், எந்தத் துணி சரியாக வேகவில்லை, யார் கை கழுவாமல் தொட்டார்கள் என்று மனசுக்குள் ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதில் எதிலும் கோடு கறுக்காமல் போகவில்லை. அவள் உலகத்தையே வேகவைத்திருந்தாலும் அவன் வெள்ளணுக்களுக்குப் பிடி முளைத்திருக்காது. அவள் தவறவிட்ட கிருமி என்று ஒன்று இல்லவே இல்லை. இதை டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பியதில்லை. தப்பு தன்னுடையது என்று இருந்தவரை அடுத்த முறை சரிசெய்துவிடலாம் என்று ஒரு தைரியமும் கூடவே இருந்ததே! அதை விடுவதற்குத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது விட்டுப் பார்த்தாள். பயமாக இருந்தது. ஆனால் தோள் இறங்கியது.

கணவன் திரும்பி வந்து, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டான். ஒரு மத்தியானம் துணியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கொடியின் அடியில், தோலோடு சேரும் மடிப்பில், மஞ்சளாக என்னவோ பிசுபிசுத்தது.

கையை ஈரத்தோடு நீட்டிக்கொண்டு வந்த நாத்தனார் எட்டிப் பார்த்து அலறினாள். "ஐயையோ! சீழ் வச்சிருச்சே! நான்தான் அந்தப் பாட்டிலை எடுத்துட்டுப் போனேன், பாவி! எடுத்துட்டு வரவா?"

"அண்ணி," என்றாள் அவள். "அண்ணி, சீழ்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"சீழ் அண்ணி! இவனுக்குச் சீழ் வச்சிருக்கு!"

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கப் போனவள், அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு தானும் குனிந்தாள். ஊரில் வேறெந்த வீட்டிலும் இரண்டு பெண்கள் ஒரு சொட்டுச் சீழை இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"அப்போ இறங்கிட்டாங்களா?" நாத்தனார் குசுகுசுவென்று கேட்டாள், சத்தம் போட்டால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதுபோல. "சரியான ஸ்டாப்பிங்ல?"

"இறங்கிட்டாங்க அண்ணி."

டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் முதலில் விசாரணைதான் நடத்தினார். சுற்றிலும் சிவந்திருக்கிறதா? உடம்பு சுடுகிறதா? பால் ஒழுங்காகக் குடிக்கிறானா? கெட்ட வாடை உண்டா? எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே வந்ததும், "அப்போ வேலை நடக்குது, நீங்க கை வைக்காதீங்க," என்றார். "சிவப்பு பரவினா, காய்ச்சல் வந்தா, யோசிக்காம தூக்கிட்டு வாங்க. சரி, நானே உங்களைக் கூப்பிடறதா இருந்தேன். உங்க வீட்டுக்காரர் கொண்டு போன குப்பிக்குப் பதில் வந்திருக்கு."

அவள் கட்டிலின் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள்.

"பிடி இருக்கும்மா. முழுசா இருக்கு. அண்ணனோட குறை இவனுக்கு இல்ல."

நன்றி சொன்னாளா இல்லையா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. போனை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். அவன் விட்டத்து மின்விசிறியை வெறித்துக்கொண்டு தன்பாட்டுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், அவளைக் கேட்காமல், உள்ளே தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எல்லாவற்றையும் தானே கொடுக்கவேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் தனக்கென்று ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். சந்தோஷத்தின் நடுவில் பெரியவன் முகம் வந்தது. அவனுக்கு இல்லாததைத் தம்பிக்கு இருக்கிறதென்று கொண்டாடலாமா என்று ஒரு கணம் உறுத்தியது. அவன் குப்புற விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கிச் சிரித்த சிரிப்புத்தான் பதிலுக்கு ஞாபகம் வந்தது. அழுதாள். ஆனால் இந்த அழுகை வேறு.

கணவனைக் கூப்பிட்டார்கள். எங்கேயோ ஒரு கட்டடத்தின் லிப்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தான். நாத்தனார் போனைப் பிடுங்கி, "டேய், சீழ் வச்சிருச்சுடா! பிடியும் இருக்காம்!" என்று கத்தினாள். அவன், "அவகிட்ட குடு," என்றான். அவளிடம் கொடுத்ததும் அவன் மூச்சு மட்டும் கேட்டது. இருவரும் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கொடி அந்த வாரமே விழுந்தது. நாத்தனார் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது விழுந்ததால் அவள் பல்லியோ என்று துள்ளி எழுந்து வீட்டையே இரண்டாக்கினாள். கறுத்த அந்தத் துண்டைக் குழந்தையின் அம்மா உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் மேஜை இழுப்பறையில் காகித உறை இருக்கிறதா என்று தேடினாள்.

"இதையும் குக்கர்ல போடப் போறியா, தாயே?"

அவள் சிரித்துவிட்டாள். உறையை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினாள்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பு முடிந்து நாத்தனார் தூசியும் வியர்வையுமாக வந்தாள். வழக்கப்படி நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கையைத் துடைக்காமல் மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

"ஒரு தடவை போதும் அண்ணி," என்றாள் அவள், உள்ளேயிருந்து. "வாங்க. அவன் உங்களைத்தான் தேடறான்."